இங்கிலாந்து நாட்டுப்புறத்து அகழி வீடுகள்: பாதுகாப்புக்கா, பந்தாவுக்கா?

#1 களிமண்காரன்

நண்பர்களே, சஃபோக் பக்கம் குடிவந்த பிறகு பிரிட்டிஷ் அரசின் ஆர்டனன்ஸ் சர்வே நில வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவது எனக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. பழங்காலச் சின்னங்களை மட்டும் அதில் கோதிக் எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இந்த வட்டாரத்தில் அந்த எழுத்தில் அடிக்கடி கண்ணில் படுவது 'மோட்', அதாவது அகழி. நேரில் போய்ப் பார்த்தால் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. வயல் நடுவில் ஒரு பண்ணைவீடு, அதைச் சுற்றிப் பாசி படர்ந்த தண்ணீர். சில இடங்களில் வீடும் போய்விட்டது. நாலு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு மேடு, அதில் மாடு மேய்கிறது.

இங்கிலாந்து முழுக்க இப்படி ஏறக்குறைய 6,000 இடங்கள் தெரியவந்திருக்கின்றன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டியவை. கிழக்கே சஃபோக், எசெக்ஸ், அப்புறம் மத்தியில் வார்விக்‌ஷர், வூஸ்டர்ஷர் பக்கம்தான் கூட்டம் அதிகம். வெட்டியவர்களில் பெரிய பிரபுக்கள் கொஞ்சம் பேர்தான். ஒரே ஒரு மேனர் (பிரபுவின் பண்ணை நிலம்) வைத்திருந்த சின்னப் பிரபுக்கள், நைட்டுகள் (வீரர் பட்டம் பெற்றவர்கள்), மடங்கள், இவர்களோடு கொஞ்சம் வசதியான குடியானவர்களும் வெட்டியிருக்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். பத்து மீட்டர் அகலத்துக்கு வீட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்ட ஒரு பண்ணைக்காரருக்கு என்ன தலையெழுத்து? 'பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல் பதில் எனக்குப் போதவில்லை.

#2 சேலத்துச்சிட்டு

இதில் என்ன சார் சந்தேகம்? அகழி என்றாலே எதிரி உள்ளே வராமல் இருக்கத்தான். சும்மா அழகுக்கு யாராவது ஆளைக் கூட்டிக் குழி வெட்டுவார்களா?

#3 தொல்குழி

வெட்டியிருக்கிறார்கள். நான் அகழாய்வுத் துறையில் இருக்கிறேன். இந்த அகழிகளில் சேற்றைக் கிளறியே பாதி வயது போனது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதிரி யார் என்று பாருங்கள். 1250 முதல் 1350 வரை சஃபோக்கிலும் எசெக்ஸிலும் படையெடுத்து வந்தவர் யார்? ஸ்காட்லாந்துப் படை வந்து கொளுத்தியது வட எல்லைப் பக்கம். அங்கே மக்கள் கட்டிக்கொண்டது தடித்த கல்சுவர் வைத்த 'பீல்' கோபுரங்களை. அகழி வீடுகள் அந்தப் பக்கம் குறைவு. ஆபத்து அதிகமான இடத்தில் குறைவாகவும், அமைதியான இடத்தில் அதிகமாகவும் இருக்கிற ஒன்றைப் போர்ப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

அடுத்து அகழியையே பாருங்கள். நிறைய இடங்களில் மூன்று பக்கம்தான் பள்ளம். நாலாவது பக்கம் திறந்தே கிடக்கும். உள்பக்கம் மதில் இருந்த அடையாளம் பல இடங்களில் கிடையாது. ஆழம் ஒன்றரை, இரண்டு மீட்டர். நீச்சல் தெரியாதவன்கூட ஒரு ஏணியைக் குறுக்கே போட்டு வந்துவிடலாம்.

வரைபடத்தில் இவற்றைப் புள்ளி வைத்துப் பார்த்தால் அவை எதைப் பின்பற்றிப் போகின்றன என்று புரியும்: களிமண்ணை. கிழக்கு இங்கிலாந்தில் பனியாறுகள் விட்டுப்போன கனமான களி இருக்கிறது. அதில் பள்ளம் தோண்டினால் போதும். அடியில் எதுவும் பூசாமலே மழைநீர் தேங்கி நிற்கும். சுண்ணாம்புப் பாறை மேட்டில் இதே வேலையைச் செய்தால் தண்ணீர் ஒரு வாரம்கூட நிற்காது. களிமண் நிலத்துக்கு இன்னொரு குணம் உண்டு. குளிர்காலத்தில் முற்றம் முழுக்கச் சேறு. பள்ளம் தோண்டி அந்த மண்ணை உள்ளே கொட்டினால் வீடு நிற்கிற இடம் உயரும், ஈரம் பள்ளத்துக்கு வடிந்துவிடும். ஓடை பக்கத்தில் இருந்தால் ஒரு வாய்க்கால் வெட்டி உள்ளே விட்டு, மறுமுனையில் பலகை மதகு வைத்து மட்டம் பார்த்துக்கொள்வார்கள்.

#4 களிமண்காரன்

தொல்குழி அக்கா, வடிகாலுக்கு ஒரு முழ அகலப் பள்ளம் போதுமே. பத்து மீட்டர் எதற்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுத்தீவு 50க்கு 50 மீட்டர். அகழி மேலே 10 மீட்டர், அடியில் 4 மீட்டர், ஆழம் 2 மீட்டர். குறுக்குவெட்டு 14 சதுர மீட்டர், நடுக்கோட்டுச் சுற்றளவு 240 மீட்டர். ஆக 3,360 கன மீட்டர் மண். அத்தனையும் உள்ளே பரப்பினால் தீவு 1 மீட்டருக்கு மேல் உயரும். அன்றைய மண்வெட்டி முழு இரும்பு கிடையாது, மரப்பலகையின் விளிம்பில் இரும்புப் பட்டை அடித்தது. அதை வைத்துக்கொண்டு ஈரக்களியில் ஒருவர் ஒரு நாளைக்கு 2 கன மீட்டர் தோண்டிச் சுமந்து கொட்டினார் என்று வைத்தால் 1,680 ஆள்-நாள் கூலி. 1300 வாக்கில் கூலியாளுக்கு நாளுக்கு ஒன்றரைப் பென்னி என்று கொண்டால் 2,520 பென்னி. பவுண்டுக்கு 240 பென்னி. பத்தரைப் பவுண்டு ஆகிறது.

இது பெரிய காசா? 1278ல் முதலாம் எட்வர்ட், நிலத்திலிருந்து ஆண்டுக்கு 20 பவுண்டு வருமானம் உள்ளவர்களெல்லாம் நைட் பட்டம் ஏற்க வேண்டும் என்று நெருக்கினார். அந்தத் தட்டில் இருப்பவருக்குப் பாதி வருட வருமானம். வலிக்கும், ஆனால் தாங்கும். கல்கோட்டை கட்டக் கனவுகூடக் காண முடியாத ஆளுக்கு இது எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

#5 இருட்டுப்பாதை

ஒரு நிமிடம். படை வரவில்லை, சரி. திருடன் வரவில்லையா?

1285ல் வின்செஸ்டர் சட்டம் போட்டார்கள். சந்தை ஊர்களுக்கு இடையே போகிற பெருவழியின் இரண்டு பக்கமும் 200 அடி தூரத்துக்குப் புதரையும் பள்ளத்தையும் அழிக்க வேண்டும், ஆள் பதுங்க இடம் இருக்கக் கூடாது என்று. ஊர்வாசல் கதவை இரவெல்லாம் மூடி வைக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஊர் அமைதியாக இருந்தால் இப்படியொரு சட்டம் எதற்கு?

லெஸ்டர்ஷர் ஃபோல்வில் கும்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1326ல் அரசின் கருவூல நீதிபதி ரோஜர் பெல்லர்ஸைப் பட்டப்பகலில் கொன்றார்கள். 1332ல் அரச நீதிபதி ரிச்சர்ட் வில்லபியைக் கடத்தி 1,300 மார்க் (அன்றைய பணக்கணக்கு) பணயத்தொகை வாங்கினார்கள். நீதிபதிக்கே இந்தக் கதி என்றால் பண்ணைக்காரர் என்ன செய்வார்? களஞ்சியத்தில் தானியம், தொழுவத்தில் எருது, பெட்டியில் கொஞ்சம் வெள்ளி. அகழி இருந்தால் இரவில் வருகிறவன் பாலம் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அங்கே ஒரு கதவும் ஒரு நாயும் போதும். முக்கியமாக, திருடிய மாட்டை ஏணியில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது.

#6 சேலத்துச்சிட்டு

அப்படிப் போடுங்க!

#7 தொல்குழி

மாடு வாதம் நல்ல வாதம், அதை நான் மறுக்கவில்லை. போர் வேறு, திருட்டு வேறு. ஆனால் ஃபோல்வில்காரர்களை நீங்கள் சாட்சிக்கு இழுத்திருக்கக் கூடாது. அவர்கள் காட்டில் ஒளிந்து திரிந்த பரதேசிகள் இல்லை. ஆஷ்பி ஃபோல்வில் மேனர் பிரபுவின் பிள்ளைகள். அதில் ஒரு சகோதரன் டீ என்ற ஊரில் பாதிரியார்! அகழி வெட்டிக்கொண்ட அதே வர்க்கம்தான் வழிமறித்தும் பிழைத்தது.

#8 இருட்டுப்பாதை

அதனால்தானே அண்டை வீட்டுப் பிரபுவுக்குப் பயம் கூடுதலாக இருந்திருக்கும்? நிலத்தகராறு என்றால் பத்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து கதவை உடைத்து அறுவடையை அள்ளிப்போகிற காலம். நீதிமன்றப் பதிவுகளில் இந்த மாதிரிப் புகார் கொட்டிக் கிடக்கிறது.

#9 களிமண்காரன்

> பத்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து கதவை உடைத்து

சரி, ஆனால் அந்தப் பயம் மேற்கே இருந்த பிரபுவுக்கும் தெற்கே இருந்தவருக்கும் இருந்திருக்குமே. களிமண் நிலத்தில் மட்டும் திருடன் வந்தானா?

நான் சொல்ல நினைத்தது வேறு. வீட்டு மதில் மேல் பல்வரிசை போல இடைவெளி விட்டுக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டுமென்றால் அரசரிடம் அனுமதிப் பட்டயம் வாங்குவது வழக்கம். பட்டயம் வாங்குவதே ஒரு கௌரவம். ஷ்ராப்‌ஷரில் ஸ்டோக்சே வீட்டைக் கட்டிய லாரன்ஸ் ஆஃப் லட்லோ பரம்பரைப் பிரபு இல்லை, கம்பளி வியாபாரி. 1291ல் பட்டயம் வாங்கினார். யார்க்‌ஷரில் மார்கன்ஃபீல்ட் ஹால் கட்டிய ஜான் டி மார்கன்ஃபீல்ட் அரசரின் கருவூல அதிகாரி, அவருக்கு 1310ல் கிடைத்தது. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த அந்த வீடு இன்றும் நிற்கிறது. நார்ஃபோக்கில் ஆக்ஸ்பர்க் ஹாலுக்கு 1482ல் எட்மண்ட் பெடிங்ஃபெல்ட் வாங்கினார்.

ஆனால் அகழிக்கு அனுமதியே தேவையில்லை! உன் நிலம், உன் மண்வெட்டி. கோட்டைக்கு உரிய அடையாளங்களில் யாரையும் கேட்காமல், கல் வாங்காமல், கொத்தனாரைக் கூப்பிடாமல் செய்துகொள்ளக்கூடியது இது ஒன்றுதான். வார்விக்‌ஷரின் ஆர்டன் காட்டுப் பகுதியில் காடு திருத்தி நிலமாக்கிய சுதந்திரக் குடியானவர்கள் ஊருக்கு வெளியே தனித்தனியாக வீடு கட்டினார்கள். அவர்களில் சிலர் வீட்டைச் சுற்றியும் அகழி. 'நான் யாருக்கும் கூலியில்லாக் கட்டாய வேலை செய்கிறவன் இல்லை' என்று தண்ணீரில் எழுதி வைத்த மாதிரி.

#10 சேலத்துச்சிட்டு

நம் ஊரில் காம்பவுண்ட் சுவர் கட்டிப் பெரிய இரும்பு கேட் போடுகிறோமே, அது திருடனுக்கா, எதிர்வீட்டுக்காரருக்கா என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? இரண்டுக்கும்தான். இதை முடித்துவிட்டுச் சாப்பாட்டு விஷயத்துக்கு வாருங்கள். அந்தத் தண்ணீரில் மீன் வளர்த்தார்களா?

#11 மீன்முள்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, பல இடங்களில் புதன்கிழமையும், அப்புறம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம், இவ்வளவு நாளும் கறி கூடாது. சாதாரண மக்கள் உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் காய்ந்த காட் மீனும் தின்றார்கள். உயிருள்ள நன்னீர் மீனைக் குளத்திலிருந்து பிடித்துப் பரிமாறுவது பெரிய இடத்து விருந்து. ப்ரீம், டென்ச், பைக் இவைதான் பேர்போன மீன்கள். கெண்டை இனத்துக் கார்ப் இங்கிலாந்துக்கு வந்ததே 15ஆம் நூற்றாண்டில்தான். விருந்தாளி முன்னால் ஒரு முழு ப்ரீமை வைத்தால் 'எனக்குச் சொந்தமாகத் தண்ணீர் இருக்கிறது' என்று அர்த்தம். ஆக மீனும் பந்தாதான், களிமண்காரரே.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. கழிப்பறையும் அதே அகழியில்தானே விழுந்தது?

#12 தொல்குழி

ஆமாம், பல வீடுகளில் கழிப்பறைத் துளை நேராக அகழிக்கு மேல். அதனால்தான் கையில் காசிருந்தவர்கள் மீனுக்குத் தனிக்குளம் வெட்டினார்கள். அகழியிலிருந்து வாய்க்கால் பிரித்துப் பக்கத்தில் இரண்டு மூன்று சிறு குளங்கள். குஞ்சுக்கு ஒன்று, பெரிய மீனுக்கு ஒன்று. புல்வெளியில் அகழிக்கு அருகே நீள்சதுரமாகச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தால் பெரும்பாலும் அவைதான். அகழியில் வாத்தும் அன்னமும் நீந்தின, மாடு தண்ணீர் குடித்தது, கூரையில் தீ பிடித்தால் வாளியில் அள்ளி ஊற்றினார்கள். சட்டியும் எலும்பும் எல்லாம் அதற்குள்தான் போனது.

எங்களுக்கு அந்தக் குப்பைதான் சோறு போடுகிறது. அடிச்சேற்றில் காற்று புகாததால் மேட்டில் மக்கிப்போகிற பொருளெல்லாம் அங்கே அப்படியே இருக்கும். தோல் செருப்பு, மரக்கிண்ணம், பிளம் கொட்டை, வண்டுச் சிறகு. எனக்குப் பிடித்தது பாலத்தின் அடிமரம். அகழியின் அடியில் கனமான ஓக் உத்திரத்தைப் படுக்கவைத்து, அதில் துளை போட்டுச் செங்குத்துக் கால்களைச் செருகி, இரண்டு பக்கமும் சாய்வுத் தாங்கு கொடுத்திருப்பார்கள். துளைக்குள் அடித்த மர ஆணிவரை இருக்கும். சேற்றை வழித்துவிட்டால் உளி பட்ட தடம் நேற்றுச் செதுக்கிய மாதிரி தெரியும். ஆண்டு வளையங்களின் வரிசையைக் காலம் தெரிந்த பழைய மரங்களோடு ஒப்பிட்டால் மரம் எந்தக் காலத்தில் வெட்டியது என்று சொல்லிவிடலாம். பட்டை ஒட்டியிருந்தால் எந்த ஆண்டு, எந்தப் பருவத்தில் வெட்டினார்கள் என்பதுகூடத் தெரியும். ஆனால் காற்றுப் பட்டதும் உலர்ந்து வெடிக்க ஆரம்பிக்கும். ஈரத்துணி போர்த்திக்கொண்டு ஓட வேண்டும்.

எல்லாப் பாலமும் தூக்குபாலம் என்று நினைக்காதீர்கள். நிலையாகப் போட்ட மரப்பாலங்களும் மண்கரைப் பாதைகளும் நிறைய.

#13 பழுப்புப்பூனை

தூக்குபாலம் என்றதும் ஞாபகம் வருகிறது. சஃபோக்கில் ஹெல்மிங்ஹம் ஹால் என்ற வீட்டில் 1510லிருந்து ஒவ்வொரு இரவும் பாலத்தைத் தூக்கிவிடுகிறார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. இப்போது மின்சாரத்தில் தூக்குகிறார்கள்.

கென்ட்டில் இக்தம் மோட் பார்க்க வேண்டிய வீடு. முற்றத்தில் செயின்ட் பெர்னார்ட் நாய்க்குக் கட்டிய மரக்கூண்டு ஒன்று, அதற்கும் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்.

இன்னொன்று, கொஞ்சம் ரத்தவாடை. எசெக்ஸில் கிளேவரிங் பக்கத்தில் மோட் ஃபார்ம். 1899ல் கமில் ஹாலண்ட் என்ற பெண்மணியின் பணத்தில் அந்தப் பண்ணையை வாங்கிய சாமுவேல் டூகல், அவரையே சுட்டுக் கொன்றான். நாலு வருடம் அவர் பெயரில் கையெழுத்துப் போட்டுக் காலம் தள்ளினான். 1903ல் போலீஸ் சந்தேகப்பட்டு முதலில் அகழியை வடித்துத் தேடியது. அங்கே இல்லை. மூடிப்போட்ட வடிகால் பள்ளம் ஒன்றில் கிடைத்தார். டூகலுக்குத் தூக்கு.

#14 நெறியாளர்

கொலை வழக்குகளுக்குத் தனி இழை இருக்கிறது. இடைக்காலத்துக்குத் திரும்புங்கள், தயவுசெய்து.

#15 இருட்டுப்பாதை

திரும்புகிறேன். பந்தா கட்சிக்கு ஒரு கேள்வி. சசெக்ஸில் பாடியம் கோட்டை. 1385ல் எட்வர்ட் டாலின்க்ரிஜ் பட்டயம் வாங்கியது, சுற்றுவட்டாரத்தைப் பகைவரிடமிருந்து காக்க என்று சொல்லித்தான். 1377ல் பிரெஞ்சுக்காரர்கள் ரை நகரை எரித்தார்கள், 1380ல் வின்செல்சியைத் தாக்கினார்கள். இதுவும் பந்தாவா?

#16 களிமண்காரன்

பாடியம் பண்ணைவீடு இல்லையே! இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். அந்த அகழி நிற்பது ஒரு மண்கரையை நம்பி. ஆட்கள் மண்வெட்டியோடு வந்து கரையை உடைத்தால் தண்ணீர் போய்விடும் என்று பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். அகலமான தண்ணீரில் கோட்டை முழுதாகத் தெரிகிற மாதிரி இடம் பார்த்துக் கட்டியது மட்டும் எல்லோருக்கும் கண்கூடு. சண்டையில் சம்பாதித்த மனிதர், சண்டையும் தெரியும், காட்சியும் தெரியும்.

#17 மீன்முள்

எனக்கு வேறு சந்தேகம். 1350க்குப் பிறகு ஏன் வெட்டுவது குறைந்தது? பந்தா தீர்ந்துபோகிற சரக்கு இல்லையே.

#18 களிமண்காரன்

இதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் ஜனத்தொகை பெருகி, தானிய விலை ஏறி, கூலி மலிந்து கிடந்தது. சின்னப் பிரபுவுக்குப் பொற்காலம். தானியம் விற்ற காசு கையில், தோண்ட ஆள் வாசலில். 1348-49ல் கொள்ளைநோய் வந்து மூன்றில் ஒருவருக்கு மேல் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் கூலி ஏற்றிக் கேட்டார்கள். 1351ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கூலியைப் பழைய நிலைக்கு அழுத்தப் பார்த்தது, முழுசாகப் பலிக்கவில்லை. நான் மேலே போட்ட 1,680 ஆள்-நாள் கணக்கை இரட்டிப்புக் கூலிக்குப் போட்டுப் பாருங்கள். அந்த இருபது பவுண்டுக்காரர் வாயை மூடிக்கொள்வார். பிறகு வெட்டியவர்கள் ஆக்ஸ்பர்க் மாதிரிப் பெரிய கைகள்தான்.

அகழி பயத்துக்காக மட்டும் என்றால் கொள்ளைநோய்க்குப் பிறகு பயம் குறைந்ததா என்ன? குறைந்தது மலிவு. அதனால்தான் முதலிலிருந்தே சொல்கிறேன், ஏன் வெட்டினார்கள் என்று கேட்கும்போது யாரால் வெட்ட முடிந்தது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

#19 இருட்டுப்பாதை

மலிவாக இருந்தது பந்தாவும்தான், பாதுகாப்பும்தான். உங்கள் கணக்கு இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடுகிறது. நான் மாட்டை விடுவதாக இல்லை.

#20 தொல்குழி

ஒரே வீட்டுக்கு ஒரே காரணம் என்றும் இல்லை. தாத்தா வடிகாலுக்குத் தோண்டியதைப் பேரன் அகலப்படுத்தி அன்னம் விட்டிருப்பான். கடைசியில் யாருக்கு எப்படி உதவும் என்று வெட்டியவருக்கே தெரியாது. வார்விக்‌ஷரில் பேட்ஸ்லி கிளின்டன் வீட்டில் அகழிக்குப் போகிற பழைய கழிவுநீர்ச் சுரங்கத்தை நிக்கலஸ் ஓவன் என்ற தச்சர் மறைவிடமாக மாற்றினார். 1591 அக்டோபரில் தேடுதல் ஆட்கள் வந்தபோது, தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கப் பாதிரிகள் ஹென்றி கார்னெட் உட்பட அதற்குள் கணுக்கால் தண்ணீரில் நாலு மணிநேரம் நின்று தப்பினார்கள்.

#21 சேலத்துச்சிட்டு

அடுத்த மாதம் பர்மிங்ஹாமில் அக்கா வீட்டுக்கு வருகிறேன். எதைப் பார்க்கலாம், சொந்தமாகத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

#22 தொல்குழி

பர்மிங்ஹாமிலிருந்து பேட்ஸ்லி கிளின்டன் பக்கம்தான். ஹெர்ஃபோர்ட்‌ஷரில் லோயர் பிராக்ஹாம்ப்டன் போனால் மரச்சட்ட வீடும், அகழி மேல் கோணலாக நிற்கும் குட்டி வாசல் வீடும் இருக்கின்றன. பிரபு அளவுக்கு இல்லாத சாதாரண அகழி வீடு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கார்ன்வால் வரை போகிற ஆள் என்றால் பென்ஹாலம். வீடு இல்லை, அடிச்சுவர்கள் மட்டும். ஆனால் ஹால், சமையலறை, சிற்றாலயம் எல்லாம் எங்கே இருந்தன என்று நடந்தே பார்க்கலாம்.

சொந்தமாகத் தேட, சுற்றுச்சூழல் முகமையின் லைடார் (விமானத்திலிருந்து லேசரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்த) படங்கள் இணையத்தில் இலவசம். உழுது மட்டமாக்கிய அகழிகூட அதில் நிழலாகத் தெரியும். நேரில் போனால் செந்தட்டி அடர்ந்த இடத்தைப் பாருங்கள். மனிதரும் மாடும் வாழ்ந்த மண்ணில் பாஸ்பேட் அதிகம், அது அங்கே விரும்பி முளைக்கும்.

பெரும்பாலானவை தனியார் நிலம். பொதுப்பாதையை விட்டு இறங்குவதற்கு முன் உரிமையாளரைக் கேளுங்கள். பல இடங்கள் 1979 சட்டப்படி பட்டியலிட்ட சின்னங்கள், அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்தினாலே குற்றம். தண்ணீரிலும் கையை விடாதீர்கள். கொண்டை நியூட் என்ற நீர்ப்பல்லிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அது குடியிருந்தால் உரிமையாளரே தன் அகழியைத் தூர்வார லைசென்ஸ் வாங்க வேண்டும்.

#23 களிமண்காரன்

வெட்ட அனுமதி வேண்டாம், தூர்வார வேண்டும்! சிட்டு, ரப்பர் பூட்ஸ் எடுத்து வாருங்கள், அந்தக் களி சாதாரணச் செருப்பைத் திருப்பித் தராது.